வெங்காய விலையும் வெளிநாட்டுக் கடனும்

இலங்கையின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்தது. என் முதல் வாக்கும் அதுதான். ஐயா விடியப்புறமே எழும்பி, உரும்பிராயில் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு, கிணற்றடியில் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து வெளிக்கிட்டார். அவர் யாருக்குப் புள்ளடி போடப் போகிறார் என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஹெக்டர் கொப்பேகடுவ. கைச் சின்னம்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. கொப்பேகடுவ ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் வேட்பாளர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது அந்தக் கட்சியின் தலைமைதான். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும், எங்கள் அண்ணன்மாரின் பல்கலைக்கழக இடத்தைப் பறித்த தரப்படுத்தலும் அதே கட்சியின் ஆட்சியில் வந்தவை. தமிழர் விடுதலைக் கூட்டணி அந்தத் தேர்தலில் ஆளை நிறுத்தவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் வாக்களிக்கவே போகவில்லை. போனவர்களில் 40 வீதமானோர் சைக்கிள் சின்னத்தில் நின்ற குமார் பொன்னம்பலத்துக்குப் போட்டார்கள். அடுத்த இடம் கொப்பேகடுவவுக்கு, கிட்டத்தட்ட 35 வீதம். நாட்டையே வென்ற ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு இங்கே கிடைத்தது 20 வீதம்தான்.

அந்த 35 வீதத்தின் காரணம் எங்கள் செம்மண்ணில் இருந்தது. 1970 முதல் 1977 வரை கொப்பேகடுவ விவசாய அமைச்சர். அந்த ஆண்டுகளில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றது. வலிகாமத்துத் தோட்டக்காரர் விளைவித்ததைக் கொழும்பு வியாபாரிகள் லொறி பிடித்து வந்து வாங்கிப் போனார்கள். மிளகாய்க் காசில் எழும்பிய கல்வீடுகள் இன்றும் எங்கள் ஊரில் நிற்கின்றன. என் அக்காவின் தாலிக்கொடி அந்தக் காசில் செய்தது. 1977இல் ஜே.ஆர். வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். பம்பாய் வெங்காயம் கப்பலில் இறங்கியது. சுன்னாகம் சந்தையில் எங்கள் வெங்காயத்தைக் கேட்பாரில்லாமல் போயிற்று.

"ஐயா, அவையள் தமிழருக்கு என்ன செய்வம் எண்டு சொல்லினம்?" என்று நான் கேட்டேன்.

"உதெல்லாம் பெரியாக்கள் பேசட்டும், பிள்ளை. இறக்குமதியை ஆர் மறிப்பான் எண்டுதான் நான் பாக்கிறன்" என்றார்.

தேர்தல் விஞ்ஞாபனம் என்ற ஒன்றை ஐயா கண்ணால் கண்டதில்லை. அந்நியச் செலாவணி என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதும் இல்லை. ஆனால் அவர் வாக்களித்தது அந்நியச் செலாவணிக் கொள்கைக்குத்தான். அந்த இறக்குமதித் தடை யாழ்ப்பாணத்து விவசாயி மீது வைத்த அன்பினால் வந்ததல்ல. நாட்டிடம் டொலர் இல்லை. 1973இல் எண்ணெய் விலை பாய்ந்தபின் இருந்ததும் இல்லாமல் போயிற்று. வாங்கக் காசில்லாத அரசு கதவைச் சாத்தியது. சாத்திய கதவுக்கு உள்ளே எங்கள் வெங்காயத்துக்கு விலை கிடைத்தது.

அதே கதவு மலையகத்தில் என்ன செய்தது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் அட்டனிலிருந்து வந்த தோழி ஒருத்தி சொல்லித்தான் கேட்டேன். 1973, 74இல் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். அவளுடைய தாத்தாவும் அதில் போனவர். நாங்கள் கல்வீடு கட்டிய வருடங்களும் அவர்கள் லயத்தில் பிணம் தூக்கிய வருடங்களும் ஒன்றே. ஒரே நாட்டின் ஒரே கொள்கை. உயர்தர வகுப்பில் பொருளியல் கற்பித்த காலம் முழுவதும் நான் இந்தக் கதையை ஒவ்வொரு தொகுதி மாணவருக்கும் சொன்னேன். ஒரு கொள்கையால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதோடு நில்லாமல், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காக.

அந்தக் காலத்தில் வேட்பாளரைப் பற்றி ஆராய்வது என்றால் எங்களுக்கு வாசிகசாலைதான். ஈழநாடு, வீரகேசரி, தினகரன் மூன்றும் வரும். ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் வாங்கில் இருந்து கேட்பார்கள். இதைவிட ஆழமாகத் தேட வேண்டுமென்றால் போவதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் இருந்தது. அதையும் முதல் வருடம், 1981 மே 31 இரவு, எரித்துவிட்டார்கள். சுமார் 97,000 நூல்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது நடந்த எரிப்பு அது. ஒரு மக்கள் கூட்டத்தைத் தேர்தலுக்கு முன் படிக்க விடாமல் செய்வதற்கு அதைவிடக் கொடிய வழி எனக்குத் தெரியாது.

வெளிநாட்டுக் கொள்கை பற்றிய பேச்சும் வாசிகசாலை வாங்கில் நடக்கும். ஜே.ஆர். அமெரிக்கப் பக்கம் சாய்கிறார், இந்திராகாந்தி அதைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார் என்று இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். வாக்குக் கேட்டு வந்த எவரிடமும் யாரும் அதைக் கேட்கவில்லை. ஐந்து வருடம் கழிந்தது. 1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதனுடன் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன, வெளிநாட்டு வானொலி நிலையங்கள் இருந்தன. தபாலதிபர் சொன்னதெல்லாம் அங்கே எழுத்தில் இருந்தது. அந்த ஒக்டோபரில் எங்கள் ஒழுங்கையில் இந்தியப் படையின் டாங்கி நின்றது. இதன் பிறகும் வெளிநாட்டுக் கொள்கை கொழும்பில் கோட் போட்டவர்களின் விவகாரம் என்று ஒரு யாழ்ப்பாணத்தவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

1982இன் வாக்குச்சீட்டில் இன்னொரு பெயரும் இருந்தது: ரோஹண விஜேவீர. மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர். தன் தொண்டர்களுக்கு அவர் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றின் பொருள் இந்திய விஸ்தரிப்புவாதம். 4 வீதத்துக்குச் சற்று மேலாக எடுத்து நாட்டில் மூன்றாவதாக வந்தார். அந்தக் கட்சியின் பெயரை இந்தக் கதையில் பின்னாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு போர். அதற்குள் வந்த தேர்தல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. 2005 நவம்பர் 17இல் வடக்கில் வாக்களிக்க வேண்டாம் என்ற கட்டளை இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் வாக்களித்தார்கள். மகிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை ஏறத்தாழ 180,000 வாக்குகளால் வென்றார். ஒரு பக்கம் நோர்வேயின் அனுசரணையோடு நடந்த சமாதான முயற்சி, மறுபக்கம் அதை எதிர்த்தவர்களின் கூட்டு. இரண்டில் எது என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இருந்த நாளில் நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம்.

போர் முடிந்தபின் எங்கள் பக்கமும் கடன் வந்தது. அதை நாங்கள் கடன் என்று பார்க்கவில்லை, அபிவிருத்தி என்று பார்த்தோம். ஏ9 வீதியில் சீனக் கடனில் காப்பற் விழுந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது நானும் புகையிரத நிலையத்தில் நின்றேன், கண் கலங்கியது. அந்தத் தண்டவாளம் இந்தியக் கடனில் போட்டது. இவை வேண்டாதவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2007இல் முதல் தடவையாக 500 மில்லியன் டொலருக்குச் சர்வதேசப் பிணைமுறி விற்ற நாடு, பிறகு அதை வழக்கமாக்கிக்கொண்டது. பழைய பிணைமுறியின் தவணை வர, புதியதை விற்று அதை அடைத்தார்கள். நகையை மீட்கக் காசில்லாதவர் ஒரு கடையில் மீட்டு அடுத்த கடையில் கூடிய தொகைக்கு அடகு வைப்பதை வகுப்பில் உதாரணமாகச் சொல்வேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். அடுத்த கடைக்காரர் மாட்டேன் என்று சொல்லும் நாள் வந்தால் என்ன ரீச்சர் என்று ஒரு பெடியன் கேட்டான். 2020இல் அந்த நாள் வந்தது.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதிப் பயனில்லை.

2019 நவம்பர் 16. முப்பத்தைந்து வேட்பாளர்கள், 26 அங்குல நீள வாக்குச்சீட்டு. கோட்டாபய ராஜபக்ஷவின் விஞ்ஞாபனம் தமிழிலும் வந்திருந்தது. வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்குவோம் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரி, தேச நிர்மாண வரி எல்லாம் போகும் என்றும் இருந்தது. அப்போது நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர, இதைச் செய்தால் நாடு வங்குரோத்தாகும் என்று தேர்தலுக்கு முன்பே பகிரங்கமாக எச்சரித்தார். வாக்குறுதியும் எச்சரிக்கையும் ஒரே மாதத்தில், எல்லோரும் வாசிக்கக்கூடிய இடத்தில் இருந்தன. ஒளித்துவைத்த சதி எதுவும் இல்லை. தெற்கில் அந்த வாக்குறுதியைக் கேட்டுக் கைதட்டினார்கள். வடக்கில் நாங்கள் பயத்தில் வாக்களித்தோம். யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 வீதத்துக்கு மேல் கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு விழுந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வற் வரியைப் பற்றி எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நாளும் பேச்சு எழவில்லை. நான் அதைக் கரும்பலகையில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டியபோது, பாடத்திட்டத்தை முடியுங்கோ ரீச்சர் என்று ஒரு பெற்றோர் வந்து சொன்னார்.

டிசெம்பரில் வரி குறைந்தது. அரசின் வருமானம் சரிந்து, 2021இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8.3 வீதம் என்ற அளவுக்கு இறங்கியது. அதற்கிடையில் கொரோனாவும் வந்தது. கடன் தரமதிப்பைக் குறைத்தார்கள். உலகச் சந்தையில் பிணைமுறி விற்க முடியவில்லை. அதே விஞ்ஞாபனம் இயற்கை உரத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவோம் என்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். டொலரை மிச்சம் பிடிக்கும் அவசரமும் அதில் இருந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவை.

அந்த வருடத்தை வாழ்ந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பரீட்சைத் தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். தமிழ்நாட்டு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் கப்பலில் வந்தன. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. எங்கள் பக்கத்தை அடித்து விழுத்தியது மண்ணெண்ணெய். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. ஒரு இரவில். தோட்டத்துத் தண்ணீர் இயந்திரமும் மண்ணெண்ணெயில் ஓடுவது, கடலுக்குப் போகும் வள்ளத்து இயந்திரமும் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஐயாவின் தோட்டத்தை இப்போது செய்யும் என் தம்பி அந்தப் போகம் பாதி நிலத்தைத் தரிசாக விட்டான். 2019இல் யாரும் கணக்கெடுக்காத அந்த வாக்குறுதி மூன்று வருடத்துக்குள் எங்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டது.

ஆகவே 2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தல் அறிவித்தபோது, இந்த முறை ஒவ்வொரு வேட்பாளரும் கடனைப் பற்றி என்ன சொல்கிறார், வெளிநாடுகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்று முழுதாக வாசிப்பது என்று முடிவெடுத்தேன். ஓகஸ்ட் கடைசி வாரத்தில் பெரிய கட்சிகளின் விஞ்ஞாபனங்கள் வந்தன. கைபேசியில் வாசித்தால் என் கண்ணுக்குச் சரிவராது. சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்து, கட்டித் தரச் சொன்னேன். தம்பியின் மகன் வந்து மேசையைப் பார்த்தான்.

"என்ன மாமி, திரும்பவும் சோதினை எடுக்கப் போறியளோ?"

"இல்லையப்பன். கொப்பாவின்ரை தோட்டத்துக்கு இனி என்ன வரும் எண்டு பாக்கிறன். நீயும் இரு."

இருந்தான். மூன்று இரவு இருந்தான். மூன்று கட்டுகளிலும் ஒரே கேள்விகளைப் போட்டுத் தேடினோம்: சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் செய்த ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உடன்பாட்டை என்ன செய்வார்கள், நட்டத்தை யார் தலையில் வைப்பார்கள், அரசுக்கு வருமானம் எங்கிருந்து வரும். இலங்கை நிதியத்திடம் போனது அது பதினேழாவது தடவை. பதினாறு தடவை போன வீட்டுக்கு ஏன் திரும்பப் போகவேண்டி வந்தது என்று பையன் கேட்டதற்கு மூன்று கட்டிலும் நேரான பதில் இல்லை.

எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற அப்போதைய ஜனாதிபதி ரணில், போகும் பாதையிலேயே போவோம் என்றார். அவர் ஆட்சியில் நிறைவேற்றிய பொருளாதார மாற்றச் சட்டம் 2032க்குள் அரச கடன் மொத்த உற்பத்தியின் 95 வீதத்துக்குக் கீழ் வரவேண்டும் என்று வரையறுத்தது. தெளிவான நிலைப்பாடு. ஆனால் அதே ஆட்சி 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது சுமையை ஏற்றியது தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியத்தின்மேல். வங்கிகளின் கையிலிருந்த திறைசேரிப் பிணைமுறிகளைத் தொடவில்லை. தையல் ஆலையில் இருபது வருடம் நின்ற பெண்ணின் ஓய்வுகாலப் பணத்தில் கைவைப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். அது இன்றும் மாறவில்லை. சஜித், நிபந்தனைகளை மாற்றிப் பேசி வரியைக் குறைப்போம் என்றார். குறைத்த வரிக்கு ஈடான வருமானத்தைத் தேடினேன், போதிய கணக்குக் கிடைக்கவில்லை. திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற, மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுரகுமார திசாநாயக்கவின் விஞ்ஞாபனம், நிதியத்தின் கடன் நிலைபேற்று ஆய்வு சரியில்லை, மாற்று ஆய்வொன்றைச் செய்து அதன்படி திரும்பப் பேசுவோம் என்றது. மூன்றிலும் கடனைப் பற்றி ஒரு அடிப்படைக் கேள்வியையாவது நேராகத் தொட்டது அதுதான் என்று எனக்குப் பட்டது.

சஜித்தும் அநுரவும் பொருளாதாரம் பற்றி நேரில் விவாதிப்பார்கள் என்று அந்த வருடம் பேச்சு அடிபட்டது. ஆளுக்காள் திகதி சொன்னார்கள். விவாதம் நடக்கவேயில்லை. நாட்டுக்கு அது பெரும் நட்டம்.

சீனாவைப் பற்றியும் தேடினோம். சீனக் கடன்தான் நாட்டை விழுத்தியது என்று தம்பி மகன் திடமாக நம்பியிருந்தான். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்ததைக் காட்டினான். கணக்கைப் பார்த்தோம். மறுசீரமைத்த சர்வதேசப் பிணைமுறிகள் சுமார் 12.5 பில்லியன் டொலர். சீன எக்சிம் வங்கியோடு மறுசீரமைத்தது 4.2 பில்லியன், சீன அபிவிருத்தி வங்கியையும் சேர்த்தாலும் பிணைமுறிக் கடனை எட்டாது. குத்தகைக்கு வந்த 1.12 பில்லியனால் துறைமுகக் கடன் அழியவும் இல்லை. அந்தக் காசு டொலர் இருப்பில் சேர்ந்தது, கடன் கடனாகவே இருந்தது. அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப மேடையில சொல்லுறதெல்லாம்?" என்று கேட்டான்.

வெளிநாட்டுக் கொள்கை எங்கள் தீவுகளில் எப்படி இறங்குகிறது என்பதற்கும் தேடிப் போகத் தேவையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. வருட முடிவில் சீனா இடைநிறுத்தியது. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்தார்கள். இரண்டு வல்லரசுகளின் இழுபறியில் தீவுச் சனம் மூன்று வருடம் காத்திருந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானியின் காற்றாலைத் திட்டம். மன்னார் மக்கள் தங்கள் நிலத்துக்காகவும் வலசை வரும் பறவைகளுக்காகவும் எதிர்த்து நின்றார்கள். குருநகர், மயிலிட்டி மீனவருக்கோ இந்தியாவோடு உறவு என்றால் முதலில் இழுவைமடிப் படகு. தொப்புள்கொடி உறவு என்று மேடையில் சொல்லிவிட்டு, அறுந்த வலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வாயை மூடிக்கொள்வதை நான் நாணயமான அரசியல் என்று ஏற்கமாட்டேன்.

தேர்தலுக்கு முதல் கிழமை கோயில் வீதியில் ஒரு கூட்டம். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, அவர்களில் எவரும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் எழும்பிக் கடனைப் பற்றிக் கேட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: "அது கொழும்பின்ரை பிரச்சினை, ரீச்சர். எங்களுக்கு உரிமைப் பிரச்சினை இருக்கு."

உரிமைப் பிரச்சினை இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தாய்மார் இன்றும் வீதியில் இருக்கிறார்கள். அதை மறந்து எந்த வாக்கும் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் 340 ரூபாவானது எங்களைத் தமிழர் என்று பார்த்துச் சலுகை தரவில்லை. மாகாணத்துக்கு அதிகாரம் வந்தாலும், திறைசேரியில் காசில்லாவிட்டால் அந்த மாகாணத்தின் ஆஸ்பத்திரிக்கு மருந்து வராது. உரிமையைக் கேட்கும் வாயால் கடனையும் கேட்க முடியும். இரண்டையும் கேட்கத் தெரிந்த மக்களை ஏமாற்றுவது கடினம். இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். குறித்துக்கொள்கிறேன் என்றார்.

தேர்தல் முடிவில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் முதலாவதாக வந்தார். சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் நெருங்கி இரண்டாவதாக வந்தார். மூன்றாவது ரணில். அநுரவுக்கு 7 வீதமளவில். நாட்டில் அநுர 42 வீதம் எடுத்தார். வரலாற்றில் முதல் தடவை இரண்டாம் விருப்பு வாக்கும் எண்ணி அவரை ஜனாதிபதியாக அறிவித்தார்கள். ஏறத்தாழ எட்டுக் கிழமை கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே யாழ்ப்பாண மாவட்டம் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு ஆறில் மூன்று ஆசனத்தைக் கொடுத்தது. 1982இல் கொப்பேகடுவவுக்குப் போட்ட ஐயாவின் கை இதில் எனக்குத் தெரிந்தது.

நானும் பையனும் கோடு போட்டு வைத்த மாற்று ஆய்வு என்னவாயிற்று? தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, செப்டெம்பர் 19இல், பழைய அரசு பிணைமுறிக்காரரோடு கொள்கையளவில் உடன்பாட்டை முடித்திருந்தது. புதிய ஜனாதிபதி நவம்பரில் பாராளுமன்றத்தைத் தொடக்கிவைத்துப் பேசும்போது, அதைத் திரும்பத் திறப்பதற்கு இப்போது அவகாசமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார். டிசெம்பரில் பிணைமுறி மாற்றம் முடிந்தது. நிதியத்தின் வேலைத்திட்டம் அப்படியே தொடர்ந்தது. இந்திய விஸ்தரிப்புவாத வகுப்பு நடத்திய கட்சியின் தலைவர் ஜனாதிபதியாக முதலில் போன நாடு இந்தியா. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையும் கைச்சாத்தானது. காற்றாலையை ரத்துச் செய்வோம் என்று சொன்னவர்கள் விலையைத் திரும்பப் பேசப் புறப்பட்டார்கள். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தானாக விலகியது.

இந்த மாற்றங்களெல்லாம் பிழை என்று நான் சொல்லவில்லை. விஜேவீரவின் வகுப்பிலிருந்து டெல்லி வரை அந்தக் கட்சி நடந்து வந்தது நல்லதென்றே நினைக்கிறேன். பிணைமுறி உடன்பாட்டைக் குழப்பியிருந்தால் தம்பி மகன் வேலை செய்யும் கடைக்கு இறக்குமதிப் பொருள் வந்திராது. ஆனால் வாக்குக் கேட்கும்போது எழுத்தில் தந்ததை மாற்றினால், ஏன் மாற்றினோம் என்றும் எழுத்தில் தரவேண்டும். அதுதான் வாக்காளருக்குக் காட்டும் மரியாதை. அந்த விளக்கம் விரிவாக, மூன்று மொழியிலும், இன்னும் வரவேண்டியிருக்கிறது.

வாசித்து என்ன கண்டியள் மாமி, சொன்னதைத்தானே அவையள் செய்யேல்லை என்று பையன் கேட்டான். சொன்னது என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருப்பதனால்தான் செய்யவில்லை என்று உன்னால் கேட்க முடிகிறது என்றேன். 2019இன் வரிக் குறைப்பு சொன்னபடியே நடந்தது; அதை வாசித்துக் கணக்குப் பார்த்தவர்களுக்கு 2022இல் ஆச்சரியம் இருக்கவில்லை. 2024இன் மாற்று ஆய்வு சொன்னபடி நடக்கவில்லை. அதை வாசித்தவர்கள் மட்டும்தான் அதைப் பற்றிக் கேட்கிறார்கள்.

இருதரப்புக் கடன்களுக்கு 2028 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வருடத்திலிருந்து முதலைக் கட்டத் தொடங்க வேண்டும், 2043 வரை. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரும். கட்டத் தொடங்கிய காசின் கனம் தெரிந்த வருடம் அது. யார் வந்து வரியைக் குறைப்பேன், விலையை இறக்குவேன் என்றாலும், தவணைக்குக் காசு எங்கிருந்து, அந்தச் சுமை யார் தலையில், எந்த நாட்டுக்கு எதைக் கொடுத்து என்று அவர் வாயால் சொல்லவையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையொன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. விஞ்ஞாபனத்தை வாங்கி அதன் கையில் கொடுங்கள், பக்கத்தில் இருந்து கேளுங்கள். தேர்தல் முடிந்தபிறகும் அதை எறிந்துவிடாதீர்கள்.